பலா வண்டிக்கு யார் முறை

இரவு ஷிஃப்ட் முடித்துப் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவனுக்கு உலகம் ஒரு முழம் தள்ளியே இருக்கும். டீக்கடைக்காரர் பேசுவது கேட்கும், புரிவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இருபத்தாறு வருடமாக எனக்கு இப்படித்தான் விடிகிறது. சுரங்கத்தில் கன்வேயர் ஓரமாக நடப்பது என் வேலை. நிலக்கரியைச் சுமந்துகொண்டு ஓடும் பெல்ட்டுக்கு அடியில் வரிசை வரிசையாக உருளைகள். அவற்றில் எது முனகுகிறது என்று காதைக் கொடுத்துக்கொண்டே நடக்க வேண்டும். முனகுவதைக் குறித்துக் கொடுத்தால் வேறு ஆட்கள் வந்து மாற்றுவார்கள். எட்டு மணி நேரம் அப்படி நடந்துவிட்டு வெளியே வந்தால், காகம் கரைவதில்கூட ஏதோ பேரிங் போய்விட்டதாகத்தான் தோன்றும்.

அந்தக் காதோடும் அந்தக் கால்களோடும்தான் நாலு வருடமாகப் பிள்ளைகளை வைத்து வண்டி மிதிக்கிறேன்.

வண்டியென்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று சக்கர மிதிவண்டி. முன்னால் ஒரு சக்கரமும் சீட்டும், பின்னால் இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு பலகைத் தட்டும். திருவதிகையில் என் நண்பனின் சித்தப்பா அதில் பலாப்பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். மூட்டு தேய்ந்து அவர் உட்கார்ந்தபோது வண்டியும் உட்கார்ந்துவிட்டது. நாங்கள் அதைக் கொண்டுவந்து, தட்டின் இரு பக்கமும் பெஞ்சு மாதிரிப் பலகை அடித்து, பழைய இரும்புக் கட்டிலின் குழாய்களை அறுத்துச் சுற்றிலும் கைப்பிடி வைத்து, மேலே தார்ப்பாய் போட்டோம். ஒன்பது பிள்ளைகள் உட்காரலாம். நெருக்கி அடித்தால் பதினொன்று. எத்தனை தடவை கழுவியும் பலகையில் ஊறிய பலாப்பால் போகவில்லை. வெயில் ஏறினால் மணக்கும். சட்டையெல்லாம் பலா வாசத்தோடு பிள்ளைகள் வகுப்புக்குள் போவார்கள். "பலா வண்டி வந்தாச்சா" என்று வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டே கேட்பாராம்.

நண்பன் கம்மாபுரத்துக்காரன். நிலம் சுரங்கத்துக்குப் போனதில் வேலை கிடைத்தவன். மிச்சமிருக்கும் துண்டு நிலத்தில் கரும்பு வைத்திருப்பவன். நான் தெற்கத்திக் குடும்பம். அப்பா வேலைக்கு வந்த இடத்தில், குவார்ட்டர்ஸில் பிறந்தேன். எந்த ஊர் என்று கேட்டால் எனக்கு பிளாக் நம்பர்தான் முதலில் வாயில் வரும். அவனுக்கு அது தீராத கிண்டல்.

"யோவ் தெக்கத்தியாரே, நீ செத்தா எங்கய்யா எடுத்துகினு போவாங்க? ஸ்டோர்ல ஒப்படைச்சிட்டு ரசீது வாங்கிக்குவாங்களா?"

இந்த வண்டி யோசனையும் அவனுடையதுதான். பெருந்தொற்றுக்காக மூடிக் கிடந்த பள்ளிகள் திரும்பத் திறந்த வருடம் அது. டவுன்ஷிப்பின் கடைசி பிளாக்கையும் தாண்டி, சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிவிட்ட மேட்டுக்குப் பின்னால், காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்களின் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. தகரக் கூரை, ஓலைத் தட்டி, பாதியில் நின்ற செங்கல் சுவர். அங்கிருந்து ஆரம்பப் பள்ளி நாலு கிலோமீட்டர். வழி முழுக்க லாரிச் சாலை, நடக்க ஓரம் கிடையாது. தாய்மார்கள் ஐந்தரைக்கே கூட்டிப் பெருக்கும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். சாயங்காலம் வேலை விட்டு வரும் வழியில் அவர்களே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். காலையில்தான் ஆளில்லை. பள்ளி திறந்தும் பாதிப் பிள்ளைகள் திரும்பிப் போகவில்லை. மீதிப் பேர் மதியச் சாப்பாட்டுத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லாரிகளுக்குப் பக்கத்தில் வரிசையாக நடந்தார்கள். ஷிஃப்ட் பஸ் ஜன்னலிலிருந்து நாங்கள் தினமும் அதைப் பார்த்தோம். பார்த்துவிட்டுத் தூங்கப் போனோம்.

ஒருநாள் நண்பன் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமல் சொன்னான்: "நாம மிதிச்சா என்னா?"

"நமக்கு அம்பது ஆகப்போகுதுய்யா."

"அதான் சொல்றேன். அதுக்கப்பறம் முடியாது."

முறை எப்படி என்பதற்கு எங்களுக்குள் ஒரே சட்டம்தான். இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவன் தூங்கப்போகும் முன் வண்டியை எடுப்பான். இரண்டு பேருமே இரவில் இல்லாத வாரத்தில் மதிய ஷிஃப்ட்காரன் எடுப்பான். இதை எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. எழுத வேண்டியிருக்கும் என்று தோன்றவும் இல்லை.

என் மனைவிக்கு ஆரம்பத்திலிருந்தே இது பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சும்மா விடவும் மாட்டாள். "கேஸ் சிலிண்டரை நகத்தி வைங்கன்னா முதுகு வலிக்குது. ஊர்ப் பிள்ளைங்க ஒம்பது பேரை வச்சு இழுக்கும்போது அந்த வலி எங்க போயிருது?"

எங்கேயும் போகவில்லை. பிள்ளைகளுக்கு நடுவே இடம்பிடித்து அதுவும் உட்கார்ந்து வரும். மண்மேட்டுச் சரிவில் ஏறும்போது முழங்காலுக்கு இறங்கும், டவுன்ஷிப் சாலையின் மர நிழலுக்குள் நுழைந்ததும் கொஞ்சம் கண்ணயரும். மார்கழியில் பனி வண்டிக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். லாரியின் விளக்கு தெரியும், லாரி தெரியாது. மழைக்காலத்தில் செம்மண் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. கோடையில் இலைகளின் மேல் சாம்பல். தூரத்துப் புகைபோக்கிகளைக் காட்டி, மேகம் அங்கேதான் செய்கிறார்கள் என்று ஒன்றாம் வகுப்பு ஒன்று தினமும் எனக்குச் சொல்லிக்கொடுக்கும். நானும் தினமும் தலையாட்டுவேன். மறுக்கிற அளவுக்கு மூச்சு மிச்சமிருக்காது.

இனி அந்தப் பெண்.

பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு வேப்பமரத்தடியில்தான் வண்டியைச் சங்கிலி போட்டு நிறுத்துவோம். சாவி அவளிடம். நாங்கள் மொபெட்டில் போய் இறங்கும்போது எட்டுப் பிள்ளைகளையும் முகம் கழுவவைத்து, மூக்குத் துடைத்து, ஏற்றி உட்காரவைத்திருப்பாள். "குந்து. கைய வெளிய நீட்டாத. நீ அவன் பக்கத்துல குந்தாத, கிள்ளிகினே வருவ." பிறகு அவள் பின்பக்கம் ஏறி, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கணக்கு நோட்டை மடியில் விரிப்பாள். உயர்நிலைப் பள்ளி ஆரம்பப் பள்ளிக்கு அடுத்த தெருவில்தான். நண்பனை மாமா என்பாள். என்னைச் சார் என்பாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்தப் பள்ளி வருடம் தொடங்கிய ஜூன் மாதத்திலேயே அவள் அம்மா என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"ஒரே வாட்டிதாங்க சார். பாஸ் பண்ணா படிக்கட்டும். இல்லன்னா முத்தாண்டிக்குப்பத்துல எங்க அக்காகூட முந்திரிக்கொட்ட உடைக்க அனுப்பிடுவேன். வயசுப் பொண்ண வூட்ல தனியா வுட்டுட்டு நான் எப்படி வேலைக்குப் போறது?"

முந்திரிக்கொட்டை உடைக்கிற கைகளைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலை எரித்துக் கறுக்கவைக்கும். அந்தப் பெண் அப்போது தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன்.

பொதுத் தேர்வு வந்தது. தேர்வு மையம் அவள் பள்ளியில் இல்லை. டவுன்ஷிப்பின் மறுகோடியில் வேறொரு பள்ளி. சின்னப் பிள்ளைகளை இறக்கிவிட்டு அங்கிருந்து இன்னும் மூன்று கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். தமிழ்த் தேர்வுக்கு நான் கொண்டுபோய் விட்டேன். ஆங்கிலத்துக்கு நண்பன். மூன்றாவது கணக்கு. அவள் பயந்தது அதற்குத்தான்.

அந்த வாரம் இரவு ஷிஃப்ட் நண்பனுக்கு, மதிய ஷிஃப்ட் எனக்கு. அதாவது வாரம் முழுக்க வண்டி அவன் முறை. கணக்குத் தேர்வுக்கு முந்தைய நாள் காலை அவன் போன் செய்தான்.

"யோவ், இன்னிக்கு ஒரு நாள் ஷிஃப்ட் மாத்திக்கலாமா? கரும்பு காஞ்சிகினு கெடக்குது. மோட்டாருக்கு கரண்டு ராத்திரிலதான் வுடறான். நான் உன் மதியத்தப் பாத்துட்டு அப்பிடியே கரும்புக் கொல்லிக்குப் போயிடறேன். நீ என் ராத்திரியப் பாரு."

சரி என்றேன். எங்கள் வேலையில் இது சாதாரணம். கல்யாணம், காய்ச்சல், தண்ணீர் பாய்ச்சல் என்று யாராவது யாருடனாவது மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அதற்கு ஒரு வழக்கமும் உண்டு: ஷிஃப்டை வாங்கிக்கொண்டவன் அதோடு வருகிற எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டவன். டார்ச், வாக்கி டாக்கி, ஃபோர்மேனின் ஏச்சு, அந்த நேரத்தில் நடக்கிற தப்பு எல்லாம் அவனுடையது. 'அது என் ஷிஃப்டே இல்லை' என்று யாரும் சொல்லக் கூடாது.

வண்டியைப் பற்றி நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை.

அவன் இரவை நான் பார்த்தேன். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, இன்றைக்கு வண்டி அவன் முறைதானே என்று நினைத்தேன். வாரம் அவனுடையது. ஒரு ராத்திரியை மட்டும்தான் நான் சுமந்தேன். கால்களுக்கு அந்த நினைப்பு ரொம்பப் பிடித்திருந்தது. குளித்துவிட்டு, இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு, திரையை இழுத்து மூடிப் படுத்துவிட்டேன்.

அதே நேரத்தில் கம்மாபுரத்தில் அவன் கரும்புக்குள் நின்றுகொண்டு, ராத்திரி ஷிஃப்டைத் தெக்கத்தியார்தானே பார்த்தார், வண்டியும் அவரோடு போய்விட்டது என்று நினைத்திருக்கிறான். சுரங்கத்து வழக்கப்படி பார்த்தால் அவன் நினைத்ததுதான் சரி.

மதியம் ஒரு மணிக்கு எழுந்தேன். அன்று எனக்கு என் சொந்த மதிய ஷிஃப்ட். சோறு போடும்போது மனைவி சொன்னாள்: "காலைல ஒரு போன் வந்துச்சு. யாரோ சின்னப் பொண்ணு குரல். சார் இருக்காங்களான்னு கேட்டுச்சு. நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்குறாங்க, அப்புறமா கூப்பிடும்மான்னேன். சரிங்கன்னு வச்சிருச்சு."

"யாருன்னு கேக்கலையா?"

"புது நம்பரு. அதுவும் சொல்லல."

குவார்ட்டர்ஸில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரவு ஷிஃப்ட் முடித்தவன் தூங்குகிற வீட்டில் காலிங் பெல்லை யாரும் அடிக்க மாட்டார்கள். பால்காரர் பாக்கெட்டை ஓசையில்லாமல் வைத்துவிட்டுப் போவார். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் வந்தால்கூட அடுப்பைக் குறைப்பார்கள். நானும் அப்படி வளர்ந்தவன்தான். அப்பா தூங்கும் பகலில் நாங்கள் நுனிக்காலால் நடந்தோம். என் மனைவி ஒரு தப்பும் செய்யவில்லை. அந்தப் போன் யாருடையது என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

ஷிஃப்ட் பஸ் ஆரம்பப் பள்ளியைத் தாண்டும்போது பார்த்தேன். பள்ளி கேட்டுக்கு வெளியே பலா வண்டி குறுக்காக நின்றிருந்தது. சக்கரச் செயின் கழன்று தரையில் தொங்கியது. தார்ப்பாய் ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. நாங்கள் இருவரும் ஒருநாளும் வண்டியை அங்கே விட்டுப் போனதில்லை. நண்பனுக்குப் போன் போட்டேன்.

"ஏன்யா வண்டியப் பள்ளிக்கூடத்துலயே விட்டுட்டுப் போயிட்ட?"

"நான் எங்க வுட்டேன்? நான் இப்பதான் கொல்லியிலேருந்து வந்து குந்தினு கீறேன். நீதான எடுத்தே?"

"நான் எதுக்கு எடுக்கணும்? இது உன் வாரம்யா."

"ராத்திரிய நீதானய்யா பாத்தே!"

அவன் மெதுவாகக் கேட்டான்: "இன்னிக்கு அந்தப் பொண்ணுக்குக் கணக்குப் பரீச்சை, இல்ல?"

அன்று பெல்ட்டின் ஓரமாக நடந்தேன். எந்த உருளை முனகியது, எது முனகவில்லை என்று எனக்குக் கேட்கவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் ஒரே வாக்கியம்தான். சார் இருக்காங்களா.

மறுநாள் காலை ஏழு மணிக்கே குடியிருப்புக்குப் போய்விட்டேன். நண்பனும் வந்திருந்தான். அதற்குள் வண்டியைப் பள்ளியிலிருந்து கொண்டுவந்து செயினும் மாட்டியிருந்தான். பெண் வெளியே வரவில்லை. சின்னதுகள்தான் சூழ்ந்துகொண்டன. அவர்களுக்கு அது ஒரு திருவிழா.

"அக்கா மிதிச்சிச்சு சார்! வண்டிய அக்காவே மிதிச்சிச்சு!"

"செயினு மூணு வாட்டி கயண்டுகிச்சு!"

"மூணு இல்லடா, நாலு. மேட்டுல நாங்கல்லாம் எறங்கித் தள்னோம் சார். இவ மட்டும் தள்ளல. குந்திகினே வந்தா!"

"எங்கால்ல முள்ளு சார்!"

அவர்கள் சொன்னதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நடந்தது இது. எட்டு மணிக்கு ஏற்றி உட்காரவைத்தாள். எட்டரை வரை யாரும் வரவில்லை. அந்த வழியாகப் போன பக்கத்து வீட்டு ஆளின் போனை வாங்கி முதலில் நண்பனுக்குப் போட்டிருக்கிறாள். அவன் போன் வீட்டுத் திண்ணையில் கிடந்தது, அவன் வயலில். பிறகு எனக்கு. அந்த ஆள் தன் பைக்கில் ஏறிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், மையத்திலேயே இறக்கிவிடுகிறேன் என்று. அவள் வண்டியில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரைப் பார்த்திருக்கிறாள். குடியிருப்பில் பெரியவர்கள் யாருமில்லை. இவர்களை விட்டால் பாதிப் பேர் லாரிச் சாலையில் இறங்கி நடக்கத் தொடங்குவார்கள். நீங்க போங்க என்று அவரை அனுப்பிவிட்டாள்.

பிறகு சீட்டில் ஏறிவிட்டாள். வெறும் வண்டியைக்கூட அதுவரை மிதித்தவள் இல்லை.

பள்ளி கேட்டில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வண்டியை அப்படியே போட்டுவிட்டு, மூன்று கிலோமீட்டர் ஓடியிருக்கிறாள். உள்ளே கேள்வித்தாள் கொடுத்து எழுதத் தொடங்கியிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

அவள் அம்மா அன்று வேலைக்குப் போகாமல் இருந்தாள். வாசலில் நின்று எங்களைப் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காம்பஸ் புடிக்க முடியலியாம் சார். கை நடுங்கிகினே இருந்துதாம். வட்டம் போட்டா வட்டமா வரலியாம்." ஹேண்டில் பாரைப் பிடித்ததில் அவள் உள்ளங்கை இரண்டும் கொப்புளித்திருந்ததையும் சொன்னாள்.

நண்பன் தலையைக் குனிந்துகொண்டான். "எம்மேல தப்பும்மா. நான் ஒரு வார்த்த சொல்லிட்டு வயலுக்குப் போயிருக்கணும்."

"இல்லம்மா, நான்தான் காலைல..." என்று நான் தொடங்கினேன்.

"யார் மேல தப்புன்னு நான் கேக்கலிங்க," என்றாள் அவள். "நீங்க ரெண்டு பேரும் சும்மாதான மிதிக்கிறீங்க. உங்கள நான் என்னா கேக்கறது? நீங்க வரலன்னா என்னா பண்றதுன்னு நாங்க யோசிச்சி வைக்கல பாருங்க. அது எங்க தப்பு."

நாலு வருடத்தில் யாரும் எங்களை இப்படி அடித்ததில்லை. அவள் அடிப்பதற்காகச் சொல்லவும் இல்லை. இலவசமாக ஒன்றைச் செய்கிறவனிடம் நியாயம் கேட்க முடியாது என்பதை அவள் தெரிந்துவைத்திருந்தாள். அது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பள்ளிக்குப் போகிற வழியெல்லாம், எங்களை எவ்வளவு நல்லவர்களாக நினைத்துக்கொண்டு மிதித்திருக்கிறோம் என்று யோசித்துக்கொண்டே மிதித்தேன். மேட்டில் மூச்சு முட்டியது. பின்னால் ஒருத்தி இல்லாததால் வண்டி கனம் குறைந்துதான் இருந்தது.

மிச்சமிருந்த தேர்வுகளுக்கு அவள் எங்கள் வண்டியில் ஏறவில்லை. அம்மாவோடு லாரிச் சாலையில் நடந்து, தூரத்து நிறுத்தத்தில் டவுன் பஸ் ஏறிப் போனாள்.

மே மாதம் முடிவு வந்தது. மற்ற நாலு பாடத்திலும் நல்ல மார்க். கணக்கு போய்விட்டது. ஒரு வட்டம் ஒழுங்காக விழுந்திருந்தால் தாண்டியிருக்கும் என்கிற அளவில்தான் போயிருந்தது.

அம்மா சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள். அடுத்த வாரமே பெண் முத்தாண்டிக்குப்பத்தில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். நண்பனும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனோம். ஷெட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கட்டையில் கொட்டையை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே தாளத்தில் டொக் டொக்கென்ற சத்தம். அவள் எண்ணெய் படாதிருக்கக் கையில் சாம்பலைப் பூசியிருந்தாள். விரல் நுனிகள் அதற்குள் கறுக்கத் தொடங்கியிருந்தன.

"துணைத் தேர்வு இருக்கும்மா. கணக்கு மட்டும் எழுதினாப் போதும்," என்றேன்.

"தெரியும் சார். டீச்சர் சொல்லி ஃபாரம் போட்டுட்டேன்." கொட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இவுங்ககிட்ட ஒரு நாள் லீவு கேட்டிருக்கேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றான் நண்பன்.

"நீங்க சொல்லாதீங்க மாமா. பாஸானா நானே சொல்லிக்கிறேன்."

"நாங்க வந்து கூட்டிட்டுப் போறோம். இந்தத் தடவ மணி ஏழுக்கே இங்க வந்துருவோம். ரெண்டு பேருமே," என்றேன். என் குரல் கெஞ்சுவது எனக்கே கேட்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. ஒரு கணக்கைத் திரும்பச் சரிபார்க்கிற பார்வை.

"வேணாங்க சார். பஸ் எத்தன மணிக்கு வருதுன்னு பாத்து வச்சிகினேன்."

திரும்பி வரும்போது மொபெட்டின் பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன் ஒரு கிண்டலும் செய்யவில்லை. முந்திரித் தோப்புகளைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகு, "பஸ்ஸு நம்மள மாரி இல்லய்யா. வரலன்னா அடுத்தது வரும்," என்று மட்டும் சொன்னான்.

துணைத் தேர்வு அன்று என் முறை. வழக்கம்போலச் சின்னதுகளை ஏற்றிப் போனேன். அவர்களை ஏற்றி உட்காரவைக்க ஆளில்லாமல் கால் மணி நேரம் பிந்தியது. ஒன்று கிள்ளியது, ஒன்று அழுதது, ஒன்று செருப்பைச் சாலையில் விட்டுவிட்டது. பள்ளி வாசலில் இறக்கிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தாக இருபது நிமிடம். தேர்வு மையம் இருக்கும் திசையில் சும்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே போய் நிற்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. மனைவி வழக்கம்போல திரையை மூடிவிட்டுப் போனாள். போனை என் தலைமாட்டிலேயே வைத்திருந்தாள். அந்தப் பங்குனிக் கணக்குத் தேர்வுக்குப் பிறகு அவள் வைத்துக்கொண்ட பழக்கம் அது. இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் என்னை எழுப்பிவிடுகிறாள். கடன் அட்டை விற்கிறவர்கள்கூட என் தூக்கத்துக்குள் வந்துபோகிறார்கள்.

அந்தப் பெண் தேறிவிட்டாள். முடிவு வந்த அன்று அம்மாவிடம் என்ன சொன்னாள், அம்மா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஆகஸ்டில் ஒரு காலை வேப்பமரத்தடிக்குப் போனபோது பிள்ளைகள் எல்லாரும் முகம் கழுவி, வரிசையாக ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அப்போதே புரிந்துவிட்டது. பதினொன்றாம் வகுப்புச் சீருடையில் அவள் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். விரல் நுனிக் கறுப்பு பாதி உரிந்திருந்தது.

"ஏறும்மா," என்றேன்.

"நான் பஸ்ல போறேன் சார். புள்ளைங்கள ஏத்தி வுட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்."

பிறகு பள்ளியில் அரசு சைக்கிள் கொடுத்தார்கள். இப்போது அதில்தான் போகிறாள், எங்கள் வண்டிக்குக் கொஞ்சம் பின்னால், சாலையின் உள்பக்கமாக. லாரி வந்தால் மணியடித்துச் சொல்வாள். என்னை இன்னும் சார் என்றுதான் கூப்பிடுகிறாள்.

புதிதாக ஒரு வழக்கம் வந்திருக்கிறது. நான் மிதிக்கத் தொடங்கும் முன் கைப்பிடிக் குழாயில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள்.

"நாளைக்கு யாரு சார்?"

நான் பதில் சொல்லாமல் வண்டி நகராது. ஷிஃப்ட் அட்டவணையை மனதுக்குள் விரித்து, இரவா மதியமா, யாராவது மாற்றிக்கொண்டார்களா என்று பார்த்து, அவனா நானா என்று உறுதிசெய்துகொண்டு சொல்ல வேண்டும். இரவு விழித்த மூளைக்கு அது மண்மேட்டுச் சரிவைவிடக் கடினம். என்னிடம் மட்டும் கேட்டால் பரவாயில்லை. சாயங்காலம் அம்மாவின் போனிலிருந்து நண்பனிடமும் தனியாகக் கேட்கிறாள்.

"போலீஸ்ல இப்பிடித்தான்யா விசாரிப்பாங்க," என்கிறான் அவன். "ரெண்டு பேரையும் தனித்தனி ரூம்ல வச்சு."

போன வாரம் எனக்கு உண்மையாகவே முடியவில்லை. தொடர்ந்து ஐந்தாவது இரவு. முழங்கால் வீங்கியிருந்தது. நண்பன் உறவுக்காரர் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தான். வேப்பமரத்தடியில் அவள் வழக்கம்போலக் கேட்டாள்.

"நாளைக்கு யாரு சார்?"

நான் குனிந்து காலைத் தடவினேன். அவள் என் முழங்காலைப் பார்த்தாள். கை குழாயிலேயே இருந்தது.

"முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க சார். தப்பில்ல. நான் அஞ்சு மணிக்கு எழுந்து மூணு நடையா சைக்கிள்லயே கொண்டாந்து வுட்டுடறேன். தெரிஞ்சாதான் செய்ய முடியும்."

ஒன்பது பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேகம் செய்கிற இடத்தைத் தினமும் காட்டுகிற பிள்ளைகூட விரலை மடக்கிக்கொண்டு காத்திருந்தது.

"நாளைக்கு என்னால முடியாதும்மா," என்றேன். நாலு வருடத்தில் முதல் தடவையாக.

"சரிங்க சார்," என்று குழாயிலிருந்து கையை எடுத்தாள். "நாளான்னிக்கு?"

"நாளான்னிக்கு நான்தான்."

அவள் சைக்கிளில் ஏறினாள். நான் மிதித்தேன். வலது பின்சக்கரம் லேசாக முனகியது, குறித்துக்கொண்டேன்.